இரண்டாவது தலையணை

உல்லாசக் கப்பலில் என் கேபின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு தலையணைகள். அப்புறம் குளியலறையில் இரண்டு துண்டுகள், மேசையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள், அலமாரியின் மேல்தட்டில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள். நான் ஒருத்திதான் வந்திருக்கிறேன் என்று அந்த அறைக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டியை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கீழே எங்கோ இயந்திரம் ஓடும் அதிர்வு மெல்லப் பாதத்துக்கு ஏறியது. ஏழு இரவுகள். பயமாகத்தான் இருந்தது.

இந்தப் பயணத்தைப் பற்றி நானும் அக்காவும் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு வருஷம் அவள் மகனுக்குப் பரீட்சை. இன்னொரு வருஷம் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. கடைசியாக எல்லாம் கூடி வந்து, கப்பலும் தேதியும் பார்த்து வைத்த பிறகு அக்காவுக்கு மறுபடி ஒரு தடை. "நீ மட்டும் போய்ட்டு வாயேன்" என்றாள் போனில். எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து வருஷக் கனவை அவ்வளவு சுலபமாக என் கையில் தள்ளிவிடுகிறாளே என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்துத்தான் அந்த வாக்கியத்தை நிதானமாக யோசித்தேன். நான் மட்டும் போனால் என்ன?

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஒத்தையிலயா? நடுக்கடல்ல?" என்றாள். தனிமரம் தோப்பாகாது என்பாள் அடிக்கடி. அன்றும் சொன்னாள். தோப்பாக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை அம்மா, ஒரு வாரம் மரமாக நின்று பார்க்கிறேன் என்றேன்.

முன்பதிவு செய்யும்போதுதான் ஒன்று தெரிந்தது. கப்பல் விளம்பரங்களில் போடுகிற கட்டணம், ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் ஒருவருக்கு எவ்வளவு என்ற கணக்கு. தனியாகப் போகிறவர் அந்தக் கேபினுக்காகக் கூடுதல் தொகை கட்ட வேண்டும். பல சமயம் அது இன்னொருவரின் முழுக் கட்டணத்துக்கே வந்து நிற்கும். இதற்கு சிங்கிள் சப்ளிமெண்ட் என்று பெயர். எனக்கும் ஏறக்குறைய இரண்டு பேருக்கான தொகைதான் வந்தது. வராத ஒருவருக்காகப் பணம் கட்டுகிறோம் என்ற எண்ணம் மனசைக் குத்தியது. எனக்கு இது இன்னமும் நியாயமாகப் படவில்லை.

ஆனால் அதன் காரணத்தைப் பின்னால் கப்பல் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டும்போது புரிந்துகொண்டேன். உல்லாசக் கப்பல் பயணம் என்ற தொழில் வளர்ந்ததில் காலிப் படுக்கையைப் பற்றிய கவலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஹாம்பர்க்கில் ஒரு கப்பல் நிறுவனத்தை நடத்திய ஆல்பர்ட் பாலின் என்பவர், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராமல் பெரிய கப்பல்கள் சும்மா நிற்பதைப் பார்த்தார். 1891 ஜனவரியில் அகஸ்டா விக்டோரியா என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு, ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக மட்டுமே அனுப்பினார். அது பலித்தது. 1900-இல் இதற்கென்றே பிரின்செஸின் விக்டோரியா லூயிசே என்ற கப்பலைக் கட்டி மிதக்கவிட்டார்கள். சும்மா கிடக்கும் கட்டில் நஷ்டம் என்ற அதே கணக்குதான் இன்றும் ஓடுகிறது. இரண்டு பேர் இருந்தால் அறைக்கு வெளியிலும் இரண்டு பேர் செலவு செய்வார்கள். ஒருத்தி வந்தால் பாதிதான்.

தனியாகப் போகிறவர்களுக்கென்று சிறிய கேபின்கள் கட்டத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் 128 அறைகள் இப்படி இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. கடலைப் பார்க்க ஜன்னல் கிடையாது. ஆனால் அந்த அறைக்காரர்கள் மட்டும் வந்து உட்கார ஒரு பொதுக் கூடம் உண்டு. குவீன் மேரி 2 கப்பலிலும் 2016-இல் புதுப்பித்தபோது 15 ஒற்றைக் கேபின்களைச் சேர்த்தார்கள். இம்மாதிரி அறைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் விசாரித்தபோது என் கப்பலில் ஒன்றுகூட மிச்சமில்லை. தனியாகப் போக நினைக்கிறவர்கள் தேதியை முடிவு செய்வதற்கு முன்னால் இதைத் தேடிப் பாருங்கள். சில சமயம் இரட்டைக் கேபினுக்கே சப்ளிமெண்ட் குறைத்துக் கொடுப்பார்கள், அதையும் கேளுங்கள்.

சரி, கப்பலுக்கு வருகிறேன்.

ஏறிய அன்று முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. அந்தச் சங்கொலி கேட்டால் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையம் குறித்திருக்கிறார்கள். பலர் இதைச் சடங்காக நினைத்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கவனமாகக் கேட்டேன். டைட்டானிக் 1912-இல் மூழ்கியதற்குப் பிறகுதான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் 1914-இல் உருவானது. 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்றைக்குத்தான் ஏறியிருந்த பயணிகள் பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். துணைக்கு ஆள் இருந்தால் 'அவளுக்குத் தெரியும்' என்று விட்டுவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. என் கேபினிலிருந்து நிலையத்துக்கு லிஃப்ட் இல்லாமல் படியில் இரண்டு தடவை நடந்து பார்த்தேன். நிலையத்தில் என் அட்டையை ஸ்கேன் செய்த பெண் தலையசைத்தபோது மனசுக்கு ஏதோ ஆறுதலாக இருந்தது. ஆயிரக்கணக்கான பேரில் நான் வந்துவிட்டேன் என்று ஓரிடத்தில் பதிவாகிவிட்டதே.

அன்று இரவு சாப்பாட்டு அறை வாசலில், "எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். ஒருத்தர் என்றேன். ஜன்னலோரம் இருவர் உட்காரும் மேசை. பரிமாறுகிறவர் மரியாதையாக, வேகமாக, எதிரில் இருந்த தட்டையும் கத்தியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனார். உலோகம் உலோகத்தில் உரசும் அந்தச் சின்னச் சத்தம். அவர் செய்தது ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுவதிலும் எனக்குத் தொண்டை அடைத்தது அந்த ஒரு கணத்தில்தான். சுற்றிலும் பிறந்தநாள், திருமண நாள், மூன்று தலைமுறைக் குடும்பங்கள். போனை எடுத்துப் பார்த்தேன். நடுக்கடலில் அதில் பார்க்க ஒன்றும் இல்லை. கப்பல் ஏறுவதற்கு முன்பே ஏர்பிளேன் மோடில் போட்டிருந்தேன். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் போன் தானாகச் சேர்ந்துகொண்டால் ரோமிங் கட்டணம் தாறுமாறாக ஏறிவிடும். ஆகவே போனும் துணை இல்லை. சீக்கிரம் சாப்பிட்டு முடித்து அறைக்குப் போனேன். கட்டிலின் இடது ஓரத்தில், யாருக்கோ இடம் விட்டதுபோல் ஒடுங்கிப் படுத்தேன்.

இரண்டாம் நாள் முழுவதும் கடல். எந்தத் துறைமுகமும் இல்லை. காலையிலிருந்தே ஆட்டம் அதிகம். கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்கடியில் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் இருக்கின்றன. அவை பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் தடுக்க முடியாது. என் கேபின் முன்பக்கம் இருந்ததால் அந்த ஏற்ற இறக்கம் நன்றாகவே தெரிந்தது. ஊஞ்சலின் நடுவில் உட்கார்ந்தவருக்கும் நுனியில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம்தான். முதல்முறை போகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்குங்கள். தலைசுற்றி வயிற்றைப் புரட்டியது. அறைக்குள் படுத்திருந்தால் கண் 'எதுவும் அசையவில்லை' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'அசைகிறது' என்கிறது. இந்த முரண்தான் குமட்டலாகிறது. அறை அட்டையையும் ஒரு துண்டு இஞ்சியையும் எடுத்துக்கொண்டு திறந்த தளத்துக்குப் போய் அடிவானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரத்தில் தெளிந்தது.

தெளிந்த பிறகும் நான் அங்கிருந்து நகரவில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் நின்ற தளம் கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரம் இருக்கும். அந்த உயரத்திலிருந்து அடிவானம் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சுற்றிலும் அப்படியே ஒரு வட்டம் போட்டால் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு பரப்பில் இன்னொரு கப்பல் இல்லை, கரை இல்லை, ஒரு பறவைகூட இல்லை. கப்பல் 18 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 33 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எவ்வளவு போனாலும் நாங்கள் அந்த வட்டத்தின் நடுவிலேயே இருந்தோம். தண்ணீர் ஓரிடத்தில் கருநீலம், மேகநிழல் விழுந்த இடத்தில் ஈயம், கப்பல் கிழித்துப்போன இடத்தில் பச்சை கலந்த வெள்ளை. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரும் 'போகலாமா' என்று கேட்கவில்லை. பசிக்கிறதா, கால் வலிக்கிறதா, போரடிக்கிறதா என்று இன்னொருவர் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய வேலை எனக்கு இல்லை. அந்த வேலையை நான் எத்தனை வருஷமாக ஓய்வில்லாமல் செய்திருக்கிறேன் என்பதே, அது இல்லாதபோதுதான் தெரிந்தது. அக்காவோடு வந்திருந்தால் பத்து நிமிஷத்தில் உள்ளே போயிருப்போம். அவளுக்குக் காற்று ஆகாது. அவள் நல்லவள், 'நீ இரு' என்றுதான் சொல்லியிருப்பாள். நான்தான் இருந்திருக்க மாட்டேன்.

கடல் நாளின் மதியம், கதவிடுக்கில் செருகியிருந்த அன்றாட நிகழ்ச்சித் தாளில் 'தனிப் பயணிகள் சந்திப்பு, மாலை 5 மணி' என்று ஒரு வரி இருந்தது. போகலாமா வேண்டாமா என்று நான்கரை மணிவரை யோசித்தேன். போனேன். ஏழு பேர் வந்திருந்தார்கள். இரவுப் பணி பார்க்கும் ஒரு செவிலியர், தூங்குவதற்காகவே வந்ததாகச் சொன்னார். மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாததால் வருஷம் ஒருமுறை தனியாக வரும் ஒருவர். எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி, கணவர் போன பிறகு இது முதல் பயணம் என்றார். அவரோடு இருபது தடவைக்கு மேல் கப்பல் ஏறியிருக்கிறாராம். "எல்லா டிக்கெட்டும் அவர்தான் பையில் வைத்திருப்பார். இந்தத் தடவை என் பையில் இருக்கிறது" என்று கைப்பையைத் தட்டிக் காட்டினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அன்றிரவு நாங்கள் ஐந்து பேர் ஒரே மேசையில் சாப்பிட்டோம். எதிரில் இருந்த தட்டை யாரும் எடுக்கவில்லை. ஊரில் இருந்தால் ஒருபோதும் சந்தித்திருக்க மாட்டோம். கப்பலில் யாருக்கும் எங்கேயும் அவசரமாகப் போக வேண்டியதில்லை என்பதால் பேச்சு தானாக ஆழத்துக்குப் போனது. அதே சமயம், நான்காம் நாள் "இன்றைக்கு நான் தனியாகச் சாப்பிடப் போகிறேன்" என்று சொன்னபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. செவிலியர் மட்டும், "நல்லது, ஜன்னலோரம் கேளுங்கள்" என்றார். அதே இருவர் மேசை, அதே சத்தத்தோடு தட்டு போனது. இந்தத் தடவை எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. ஆளே இல்லாததால் தனியாக உட்கார்வதும், ஆள் இருந்தும் நானாகத் தனியே உட்கார்வதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். கப்பல் எனக்குத் தந்தது இதைத்தான். மனிதர்கள் பக்கத்துத் தளத்திலேயே இருக்கிறார்கள். வேண்டுமென்றால் பத்துப் படி ஏறலாம், வேண்டாமென்றால் அறைக்கதவைச் சாத்தலாம். வேறு எந்தப் பயணத்திலும் இந்த இரண்டும் இவ்வளவு அருகருகே எனக்குக் கிடைத்ததில்லை.

துறைமுகங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தனியாக இறங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள் மட்டும். கப்பலின் நேரமும் கரையின் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. போன் கரை நேரத்துக்கு மாறிக்கொள்ளும், கப்பல் மாறாது. அதனால் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால், தாமதமானாலும் பொதுவாகக் காத்திருப்பார்கள். நீங்களாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள். நிகழ்ச்சித் தாளில் அந்தத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்துக்காக வேலை பார்க்கும் முகவரின் போன் எண்ணை அச்சிட்டிருப்பார்கள். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தீவில் சின்னப் படகில் ஏறிக் கரைக்குப் போனேன். பெரிய கப்பல் கரையருகே வர முடியாத இடங்களில் நங்கூரம் போட்டு, டெண்டர் என்ற படகுகளில் ஆட்களைக் கொண்டுபோவார்கள். திரும்புகையில் கடைசிப் படகுக்கான வரிசை நீளமாக இருக்கும். அதற்கு முந்தைய படகுக்கே வந்துவிடுவது நல்லது. துணைக்கு ஆள் இருந்தால் ஒருவருக்காவது பதற்றம் வந்துவிடும். தனியாக இருக்கும்போது அந்தப் பதற்றத்தையும் நாமேதான் பட வேண்டும். கப்பலில் ஏறும்போது அட்டை 'டிங்' என்று ஒலிக்கும். நான் திரும்பி வந்துவிட்டேன் என்று கப்பலுக்குத் தெரிந்த சத்தம் அது. அறை எண்ணை மட்டும் பொது இடத்தில் உரக்கச் சொல்லாதீர்கள், யார் கேட்டாலும்.

ஐந்தாம் இரவு. தூக்கம் வராமல் முன்பக்கத் திறந்த தளத்துக்குப் போனேன். அங்கே விளக்குகளை மங்கலாகவே வைத்திருப்பார்கள். கப்பலைச் செலுத்துகிறவர்கள் இருட்டுக்குள் பார்க்க வேண்டும், வெளிச்சம் கண்ணைக் கூசினால் முடியாது. முன்பக்க அறைக்காரர்களைத் திரையை இழுத்துவிடச் சொல்வதும் அதனால்தான். அதனால் அங்கே நட்சத்திரங்கள் தெரிந்தன. சப்தரிஷி மண்டலத்தைப் பிடித்து, அதன் கிண்ணத்தின் வெளி விளிம்பில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களை இணைக்கும் கோட்டை நீட்டித் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தேன். சின்ன வயதில் அப்பா மொட்டைமாடியில் காட்டிக் கொடுத்த வழி. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. கண் கலங்கியது, கலங்கட்டும் என்று விட்டேன். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால் அம்மாவுக்கு ஆகாது, கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பாள். அன்று கப்பல் கவிழாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது, நான் கன்னத்தில் கை வைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அறைக்குத் திரும்பி விளக்கைப் போடாமலே படுத்தேன். காலையில் எழுந்தபோதுதான் கவனித்தேன், கட்டிலின் நடுவில் படுத்திருக்கிறேன். இரண்டாவது தலையணை என் முதுகுக்கு அணைவாக இருந்தது.

தனியாகப் போனதில் எல்லாமே இனித்தது என்று சொல்ல மாட்டேன். முதுகில் வெயில் களிம்பு தடவ ஆள் இல்லை, தோள்பட்டை எரிந்தது. நீச்சல் குளத்தில் இறங்கினால் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு நாள் காலை டால்பின் கூட்டம் ஒன்று கப்பலோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தது. "பாரு, பாரு!" என்று திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை. அந்த 'பாரு' வாயிலேயே நின்றுபோனது இன்னமும் நினைவிருக்கிறது. சில சந்தோஷங்கள் இன்னொருவரிடம் சொல்வதற்கென்றே வருகின்றன. அதை மறைத்து, தனிமை மட்டுமே சுகம் என்று எழுதினால் அது பொய்.

கடைசி இரவு பெட்டியைக் கட்டி, நிறச் சீட்டு மாட்டி, கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் துறைமுகத்தில் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் உடுத்த வேண்டியதை மறந்து பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். விடியும் முன்பே மேலே போனேன். துறைமுகத்திலிருந்து ஒரு சின்னப் படகு வந்து கப்பலின் பக்கவாட்டில் ஒட்டியது. அந்தத் துறைமுகத்தின் வழி தெரிந்த பைலட் ஒருவர் கயிற்றேணியில் ஏறி உள்ளே வந்தார். எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் பெரும்பாலான துறைமுகங்களில் இப்படி உள்ளூர் ஆள் ஒருவர் வழிகாட்டித்தான் உள்ளே நுழைகிறது. எழுபது வயதுப் பெண்மணியும் அங்கே நின்றிருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கரை விளக்குகள் ஒவ்வொன்றாக நெருங்கி வந்தன.

இறங்கியதும் போனை இயக்கினேன். அக்காவின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. கூப்பிட்டேன். சாப்பாடு எப்படி, கடல் எப்படி, வாந்தி எடுத்தாயா, பயந்தாயா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். டால்பின்களைப் பற்றிச் சொன்னேன், வாயில் நின்றுபோன அந்த 'பாரு'வையும் சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அடுத்த தடவை நானும் வரட்டுமா?" என்றாள்.

"கண்டிப்பா வாக்கா" என்றேன். "ஆனா கேபின் தனித்தனியா எடுப்போம். செலவு அதிகம்தான்."

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "முன்பக்கம் வேண்டாம், நடுவுல பாரு" என்றாள்.